நாலு சில்லும் புல்லிலே

கார் ஓட்டும் சோதனைக்குப் பக்கத்துச் சீற்றில் வந்து ஏறிய பரிசோதகர் அம்மா முதல் வேலையாகத் தன் மூக்குக்கண்ணாடியைத் தேடினார். கைப்பைக்குள் தேடினார், மேற்சட்டைப் பையில் தேடினார். ஒன்று தலையில் ஏறி இருக்கிறது, இன்னொன்று கழுத்தில் சங்கிலியோடு தொங்குகிறது, இரண்டையும் விட்டுவிட்டு மூன்றாவதைத் தேடுகிறார் என்று தர்மினிக்கு விளங்கச் சற்று நேரம் பிடித்தது. விளங்கியதும் சிரிப்பு வந்தது. சிரித்தால் பெயிலாக்கிவிடுவாரோ என்று அடக்கிக்கொண்டு, "உங்கள் தலையில், மேடம்" என்று ஆங்கிலத்தில் சொன்னாள். அந்த அம்மா தலையைத் தடவிப் பார்த்து ஓவென்று சிரித்தார். "ஐம்பது தாண்டினால் எல்லாருக்கும் இதுதான் கதி" என்றார். ஏதோ ஒரு கரீபியன் தீவின் இழுவை அவருடைய ஆங்கிலத்தில் இருந்தது. தர்மினிக்கு ஆங்கிலம் காதில் விழுந்து தலைக்குள் தமிழாகித்தான் நிற்கும். கனடாவுக்கு வந்த பதினாலு வருடமாக அந்த மொழிபெயர்ப்பு வேலை உள்ளே ஓயாமல் நடக்கிறது, சம்பளம் கிடையாது, விடுமுறையும் கிடையாது. அவளுக்கு நாற்பத்தொன்பது. இன்னும் தாண்டவில்லை, ஆனால் வாசலில் நிற்கிறாள். நல்ல மனுசிதான், இவர் என்னை விட்டுவிடுவார் என்று ஒரு நினைப்பு ஓடியது. அதன் பின்னாலேயே, முதல்தரம் வந்தவரும் நல்ல மனுசன்தானே, அவர் பெயிலாக்கவில்லையா என்ற நினைப்பும் ஓடிவந்தது. இது மூன்றாந்தரம். இன்னும் ஆறு கிழமையில் பனி கொட்டத் தொடங்கிவிடும். அதற்குள் இந்த லைசென்ஸ் கையில் வராவிட்டால் புருசன் கிருபா இந்தக் குளிர்காலமும் விடியற்காலை ஐந்தரைக்கு பஸ் தரிப்பிடத்தில் நிற்கவேண்டும். போன தையில் அங்கேதான் விழுந்தார். சிறுநீரகம் பழுது, கிழமைக்கு மூன்று நாள் ஆஸ்பத்திரியில் நாலு மணித்தியாலம் இரத்தத்தைக் கழுவி அனுப்புகிறார்கள், வெளியே வரும்போது மனிதர் துவைத்துப் பிழிந்த சாறமாக வருகிறார், அந்த உடம்போடு இரண்டு பஸ் மாறி வீட்டுக்கு வரவேண்டும். சர்க்கரை வியாதி போன வருடக் கோடையில் இடக்கண்ணை எடுத்துவிட்டது. கண்ணோடு லைசென்ஸும் போயிற்று. மகள் நிலானி செப்டெம்பரில் படிக்க வேறு ஊருக்குப் போய்விட்டாள். மிச்சம் இருப்பது இவள் ஒருத்தி. "சரி, வண்டியை எடுங்கள், வெளியே போய் வலப்பக்கம் திரும்புங்கள்" என்றார் அந்த அம்மா.

தர்மினி எடுத்தாள். எடுப்பதில் ஒரு குறையும் இல்லை. சந்தியில் நிற்பாள், ஆள் கடந்தால் விடுவாள், தலையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள், பின்னால் வந்து ஒட்டும் பெரிய லொறிக்காரன் ஹோர்ன் அடித்தால்கூட அசையமாட்டாள். அவளைப் பழக்கிய சிவா, இவளைவிடப் பதினைந்து வயது இளையவன், ஸ்காபரோவில் பாதித் தமிழ்ச்சனத்துக்கு அவன்தான் கார் பழக்கினான், தலையில் அடித்துக்கொள்வான். "அக்கா, ஹைவேயில நூறில போறீங்கள், என்ர மனிசிகூட உப்பிடி ஓடமாட்டா. பிறகேன் அக்கா உந்தக் கரையில நிப்பாட்டச் சொன்னா மட்டும் பேய் பிடிச்ச மாதிரி நிக்கிறீங்கள்?" அந்தக் கரைதான். சோதனையில் ஒரு இடத்தில், வீதியை விட்டு இறங்கிக் கரையில் நிறுத்துங்கள் என்பார்கள். நாலு சில்லும், நாலு சக்கரமும், தாரை விட்டு இறங்கவேண்டும். நகரத்தின் விளிம்பில் உள்ள இந்த நிலையத்துக்குப் பக்கத்து வீதிகளில் கரை என்றால் கொஞ்சம் சரளைக்கல், அதற்கு அப்பால் புல். முதல்தரம் அவள் நிறுத்தினாள், ஆனால் இரண்டு சில்லு தாரிலும் இரண்டு சில்லு சரளையிலுமாக, பின்னால் வந்தவன் விலத்திப் போகமுடியாதபடி நிறுத்தினாள். பெயில். இரண்டாந்தரம் நிறுத்தவே இல்லை. "இங்கே வேண்டாம், சேர்" என்று சொல்லிவிட்டு ஓட்டிக்கொண்டு போனாள். எங்கே வேண்டும் என்று அந்த மனிதர் பதறிப்போய்க் கேட்டார். "தார் அகலமாக உள்ள இடத்தில்" என்றாள். தார் அகலமாக உள்ள இடம் சோதனை நிலையத்தின் வாகனத் தரிப்பிடம்தான். அங்கே கொண்டுபோய் வடிவாக நிறுத்தினாள். சிவா இந்தக் கதையைத் தன்னிடம் பழக வருகிற எல்லாருக்கும் சொல்லிச் சிரிக்கிறானாம். சொல்லட்டும். அவன் பிறந்தது கனடாவில், அவனுக்குத் தார் என்றால் தார், புல் என்றால் புல்.

தாரை விட்டு இறங்காதேங்கோ. அந்த ஒற்றை வசனத்தில்தான் ஒரு காலம் முழுக்கச் சனம் உயிரோடு இருந்தது. வன்னியில் சண்டை நடந்த வீதிகளின் இரண்டு பக்கமும் மிதிவெடி. மண்டையோடு கீறின சிவப்புப் பலகைகள் நட்டிருக்கும், நடாத இடத்திலும் இருக்கும். சமாதானக் காலத்தில் ஒருநாள் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த பஸ் ஆனையிறவு தாண்டினதும் நடுவழியில் நின்றுவிட்டது. கொண்டக்டர் கத்தினான், "இறங்குங்கோ, ஆனா தாரை விட்டு இறங்காதேங்கோ!" இரண்டரை மணித்தியாலம் எழுபது பேர் ஒரு தார்க்கீற்றில் நின்றார்கள். நிழல் இல்லை. பெண்கள் எவ்வளவு நேரத்துக்கென்று அடக்குவார்கள்? அப்போது யாரோ பென்சன் எடுத்த தபால் அதிபராம், ஒல்லியான மனிதர், குடையைத் தட்டிச் சொன்னார்: "ஆம்பிளையள் எல்லாரும் பஸ்ஸுக்கு முன்னால வாங்கோ. தெற்கைப் பாருங்கோ. திரும்பினா நான் மனிசனில்லை." எல்லாரும் போனார்கள். பஸ்ஸின் பின்னால் இரண்டு பெண்கள் ஒரு சேலையை விரித்துப் பிடித்தார்கள், முறை வைத்து ஒவ்வொருத்தியாகப் போனார்கள். சத்தம் கேட்கக்கூடாதென்று முன்னால் நின்ற ஆண்கள் உரத்த குரலில் தேவாரம் பாடத் தொடங்கினார்கள். தேவாலயத்துக்குப் போகிற வேதக்காரர் ஒருவரும் சொல் தெரியாமல் கூடவே இழுத்தார். என்ன சனம் அது. தர்மினி அந்தப் பஸ்ஸில் கலியாணம் முடிக்காத பெண்ணாக நின்றாள். இத்தனை நாட்டில் இத்தனை ஆண்களைப் பார்த்துவிட்டாள், அப்படித் தெற்கைப் பார்த்து நின்ற ஆண்களை இன்னும் பார்க்கவில்லை. "பச்சை விழுந்துவிட்டது" என்றார் பரிசோதகர் அம்மா. ஓம், விழுந்துவிட்டது. தர்மினி எடுத்தாள். போச்சு, ஒரு புள்ளி போச்சு. அந்த அம்மா கையிலிருந்த கணினிப் பலகையில் எதையோ தொட்டார்.

அந்தத் தொடுகையோடு உடம்புக்குள் அடுப்பு மூண்டது. வயிற்றிலிருந்து கழுத்துக்கு, கழுத்திலிருந்து காதுக்கு. ஒரு வருடமாக இந்தக் கூத்து. ஒக்ரோபர் குளிரில் எல்லாரும் கோட்டுப் போடும்போது இவளுக்கு மேலெல்லாம் வியர்த்து ஊற்றும், பிறகு பல் கிடுகிடுக்கும். மாதாமாதம் வந்தது நிற்கப்போகிறதாம். நிற்கிறது என்றால் பேசாமல் நிற்கக்கூடாதா, போகிற போக்கில் வீட்டைக் கொளுத்திவிட்டுத்தான் போகவேண்டுமா? முதியோர் இல்லத்தில் வேலை செய்யும்போதும் வரும்; ஒரு கையால் கிழவரை நிமிர்த்திக்கொண்டு மறுகையால் தன் சட்டைக் கழுத்தை இழுத்து ஊதுவாள். தன்னைப்போல இரண்டு பங்கு நிறையுள்ள ஆட்களை நோகாமல் புரட்டத் தெரிந்தவள் அவள், அங்கே அவளைக் கேட்டு அழும் கிழவர்கள் இருக்கிறார்கள். அதை அவள் யாருக்கும் சொல்லிக்கொள்வதில்லை. நெற்றியில் வியர்வை வழிந்து கண்ணுக்குள் போனது. ஜன்னலைத் திறக்கலாமா, திறந்தால் புள்ளி குறைப்பாரா? அந்த அம்மா தானே கையை நீட்டித் தன் பக்கத்து ஜன்னலை இறக்கினார். "எனக்கும் வரும். மூன்று வருடம் பொறுத்துக்கொள்ளுங்கள், பிறகு பரவாயில்லை. அடுத்த சந்தியில் இடப்பக்கம்." மூன்று வருடம். தர்மினிக்கு அந்த அம்மாவைக் கட்டிப்பிடிக்க வேண்டும்போல இருந்தது. கட்டிப்பிடிக்கக் கூடாது. இடப்பக்கச் சிக்னல் போட்டாள்.

இடப்பக்கம் ஒரு பூங்கா. மேப்பிள் மரங்கள் முழுக்கச் சிவப்பு. சனம் புல்லில் நாயைக் கூட்டிக்கொண்டு நடக்கிறது, பிள்ளைகள் குப்புறப் புரளுகின்றன. பதினாலு வருடத்தில் அவள் ஒருதரம் இந்த ஊர்ப் புல்லில் கால் வைக்கவில்லை. கோடையில் ஊர்ச்சங்கம் வைத்த ஒன்றுகூடலில் எல்லாரும் மரத்தடியில் பாய் விரித்தபோது இவள் கார்கள் நிற்கும் இடத்தில் கம்பளத்தைப் போட்டுச் சோற்றுச் சட்டியைத் திறந்தாள். "என்னங்கோ, உங்கட மனிசிக்கு பார்க்கிங்தான் பிடிக்குமோ?" என்று பகிடி பண்ணினார்கள். கிருபா சிரித்துச் சமாளித்தார், பிறகு கார்க்கதவைத் திறந்து வைத்து அவள் பக்கத்தில் தாரிலேயே சப்பணம் கட்டி உட்கார்ந்து சாப்பிட்டார். நல்ல மனுசன். ஆனால் வீட்டுக்கு வந்து கேட்டார்: "எனக்கு உம்மை விளங்குதில்லை. எல்லாத்தையும் தாண்டி வந்தனீர். அது வெறும் புல்லப்பா." வன்னியிலிருந்து வந்த மற்றச் சனம் புல்லில் நடக்கிறது, கிரிக்கெட் விளையாடுகிறது. தர்மினிக்கும் தெரியும் இந்த நாட்டில் புல்லுக்குக் கீழே மண்தான். பயம் அரைவாசிதான். மிச்ச அரைவாசிக்கு வேறு பெயர். அதை இப்போது நினைக்கக் கூடாது. பள்ளிக்கூட வலயம், நாற்பது. முப்பத்தெட்டில் போ.

முப்பத்தெட்டில் போனாள். நாகேஸ் மச்சாள் முப்பத்தெட்டு வயதில்தான்... பார், வந்துவிட்டது. சரி, மச்சாளை நினைக்கலாம், அந்த நாளை மட்டும் விட்டுவிட்டு மச்சாளை நினைக்கலாம். கிருபாவின் மூத்த அக்கா. புருசன் செத்தபிறகு வயலும் ஒரு பழைய டிரக்டரும் மிஞ்சின. வயலைக் குத்தகைக்குக் கொடு, டிரக்டரை வில் என்றார்கள். மச்சாள் புருசனின் சட்டையை எடுத்துப் பாவாடைக்கு மேலே போட்டுக்கொண்டு டிரக்டரில் ஏறினார். அந்த ஊரில் பொம்பிளை ஓடின முதல் டிரக்டர் அது. உழவுக்குக் கூப்பிடச் சனம் முதல் கூச்சப்பட்டது, பிறகு அவர் உழுத வயலைப் பார்த்துவிட்டு வரிசையில் நின்றது. இப்போதும் பரந்தனில் இருக்கிறார், ஐம்பத்தாறு வயது, முழங்கால் வருத்தம், புது டிரக்டர், புதுப் போன். அந்தப் போனில் எழுதமாட்டார், பேசி அனுப்புவார். நேற்றும் ஒன்று வந்தது. வேலை முடிந்து வரும் பஸ்ஸில் காதில் வைத்துக் கேட்டாள். "எடியே தர்மினி, நாளைக்கோ சோதினை? கார் என்ன மாடே, நீ பயந்தா அதுக்கு விளங்கும் எண்டு? இரும்படி அது. நீ சொன்னதைச் செய்யும். தம்பியைக் கவனி. நானெண்டா வந்து ஓடிக் காட்டுவன், உங்க என்னை விடுறாங்களில்லையே." பின்னால் கோழி கத்தியது, பிறகு யாரையோ ஏசினார், பிறகு நிறுத்த மறந்துபோய் அரை நிமிடம் வெறும் காற்றுச் சத்தம். தர்மினி அந்தக் காற்றையும் முழுக்கக் கேட்டாள். இப்படி ஒரு மனுசி எங்கள் குடும்பத்தில் இருக்கிறார் என்று நினைக்கும்போதே நெஞ்சு நிமிரும், நிமிர்ந்த வேகத்தில் குனிந்தும் போகும். பதினேழு வருடத்துக்கு மேலாகிவிட்டது. மச்சாள் ஒருதரமாவது ஒரு சொல் சொல்லிக் குத்திக்காட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். முகாமில் ஒரே கூடாரத்துக்குள் படுத்தபோதும் சொல்லவில்லை, இவளை விமானம் ஏற்ற வந்து நின்றபோதும் சொல்லவில்லை. "இந்த வீதியில் நேரே போங்கள்" என்றார் பரிசோதகர் அம்மா. நேரே போகிற வீதியில் மனதுக்கு வேலை இல்லை. அது போகக்கூடாத இடத்துக்கே போயிற்று.

மார்கழி மாதம், மழை விட்டுவிட்டுப் பெய்தது. பரந்தனை விட்டுச் சனம் முழுக்கக் கிழக்கே நகர்ந்தது. மச்சாளின் டிரக்டர் பெட்டியில் பதினொரு பேர், நாலு அரிசி மூட்டை, கூரையிலிருந்து கழற்றின தகரம், மூன்று கோழி. கிருபா முந்தின வருடமே, பிள்ளை வயிற்றில் இரண்டு மாதம் என்றபோது, கொழும்பு போய் அங்கிருந்து கனடாவுக்குப் போய்விட்டார். தர்மினியின் மடியில் ஒன்பது மாத நிலானி. வீதி முழுக்க டிரக்டர், மாட்டுவண்டி, சைக்கிள். திடீரென்று முன்னால் ஒரு லொறி அச்சு முறிந்து குறுக்கே நின்றது, அசைக்க முடியவில்லை. பின்னால் செல் குண்டு விழுந்துகொண்டு வந்தது, ஒவ்வொன்றும் முந்தினதைவிடக் கிட்ட. லொறியைச் சுற்றிப் போகத் தாரை விட்டு இறங்கவேண்டும். கரையில் முழங்கால் உயரத்துக்குப் புல், புல்லுக்குள் சரிந்த சிவப்புப் பலகை. மச்சாள் இயந்திரத்தை நிறுத்தாமல் திரும்பிப் பெட்டியைப் பார்த்தார். "ஆராவது ஒராள் முன்னுக்கு நடக்கவேணும். நான் போய் எனக்கு ஏதும் நடந்தா இதை ஓட ஆள் இல்லை." நியாயமான கேள்வி. பெட்டியில் இருந்தது கிழவர்கள், பிள்ளைகள், காலில் காயம்பட்ட ஒருவர், கிருபாவின் தாய் மாமி. கைகால் சுகமான ஆள் ஒருத்திதான். முப்பத்தொரு வயது. மச்சாளின் கண் அவளிடம் வந்து நின்றது. எவ்வளவு நேரம் நின்றது? ஒரு விநாடி இருக்கும். மாமி பிள்ளையை வாங்கக் கை நீட்டினாவா? நீட்டினமாதிரித்தான் இருந்தது. இல்லை, சேலையை இழுத்துப் போர்த்தினாவாக இருக்கும். நீட்டினாவா, போர்த்தினாவா, இதை அவள் ஆயிரந்தரம் நினைத்துப் பார்த்துவிட்டாள், ஒவ்வொருதரமும் மாமியின் கை வேறுவிதமாக அசைகிறது. தன் கை என்ன செய்தது என்பது மட்டும் மாறுவதில்லை. அது குனிந்து பிள்ளையின் தொப்பியைச் சரிசெய்தது. தொப்பி சரியாகத்தான் இருந்தது. மடியில் பிள்ளை இருந்தது நல்லதாய்ப் போச்சு என்று அவள் நினைத்தாள், சொல்லுக்குச் சொல் அப்படியே நினைத்தாள். மச்சாள் இறங்கிப் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு புல்லுக்குள் நடந்தார். முப்பத்திரண்டு அடி. தர்மினி எண்ணினாள். லொறியைத் தாண்டித் தாரில் ஏறினதும் சனம் மூச்சு விட்டது. "போன தடத்தாலேயே திரும்பி வா பிள்ளை!" என்று ஒரு கிழவர் கத்தினார். மச்சாள் நாலைந்து அடி தள்ளி நின்று, கண்ணால் அகலத்தை அளந்து, அந்தப் பக்கம் புதுப் புல்லுக்குள் காலை வைத்தார். "டிரக்டருக்குச் சில்லு ஒரு பக்கத்திலதானே?" என்று திருப்பிக் கத்தினார். முப்பத்திரண்டு அடி போனது ஒரு சில்லுக்கு, முப்பத்திரண்டு அடி வந்தது மற்றச் சில்லுக்கு. வந்து ஏறி, அந்த இரண்டு கோட்டிலும் சில்லு பிசகாமல் ஓட்டிக்கொண்டு போனார். அந்தத் தடத்தில் பின்னால் எத்தனை டிரக்டர் வந்தது, எத்தனை குடும்பம் தப்பியது, யாருக்குத் தெரியும்? தர்மினிக்குத் தெரிந்தது ஒன்றுதான். தன்னிடம் கேட்கப்பட்டது, தான் தொப்பியைச் சரிசெய்தாள். பயம் அரைவாசி, மிச்சம் வெட்கம். ஒவ்வொரு புல்லும் அந்தக் கேள்வியைத் திரும்பக் கேட்கிறது.

"அந்த மின்கம்பத்துக்கு அப்பால், பாதுகாப்பான இடத்தில், வீதியை விட்டு இறங்கிக் கரையில் நிறுத்துங்கள்" என்றார் பரிசோதகர் அம்மா. தர்மினி பின்கண்ணாடியைப் பார்த்தாள். வலப்பக்கச் சிக்னல் போட்டாள். தோளுக்கு மேலால் திரும்பிப் பார்த்தாள். எல்லாம் சரி. முன்னால் கரையே தெரியவில்லை. காற்று இரவெல்லாம் இலையை அள்ளிக் கொட்டியிருந்தது, சரளை எங்கே முடிகிறது, புல் எங்கே தொடங்குகிறது, ஒன்றும் தெரியவில்லை. தினமும் இங்கே நூறு கார் நிறுத்தியிருக்கும், ஒரு தடமாவது மிஞ்சியிருக்கக் கூடாதா? கால் தானாக பிரேக்கை மிதித்து வேகம் குறைந்தது, கை மட்டும் திரும்ப மறுத்தது. தார். தாரிலேயே நில். இங்கே வேண்டாம் மேடம் என்று நாக்கு நுனிவரை வந்தது. பெட்டியில் ஆட்கள் இருக்கிறார்கள். யார் இருக்கிறார்கள்? மூன்று மூக்குக்கண்ணாடி வைத்திருக்கும் ஒரு அம்மா இருக்கிறார். பஸ் தரிப்பிடத்தில் குப்புற விழுந்த கிருபா இருக்கிறார், முகத்தில் பனி ஒட்டியிருக்கிறது, போகிறவர்கள் குடிகாரன் என்று நினைத்து விலத்திப் போகிறார்கள். மாமி கை நீட்டுகிறா. நீட்டினாதான். ஓம், நீட்டினா, போர்த்தவில்லை, நீட்டினா, எனக்கு அப்போதே தெரியும். பிள்ளையைக் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. சரி, கொடுக்கவில்லை, அது முடிந்துவிட்டது, இப்போது மடியில் பிள்ளை இல்லை. அவள் ஸ்டியரிங்கை வலப்பக்கம் திருப்பினாள். முன்சில்லு தாரை விட்டு இறங்கியபோது கார் ஒருதரம் சரிந்தது, கீழே நொறுக்கென்று சத்தம், இலைதான், காய்ந்த இலை. பின்சில்லு இறங்கியது. இன்னும் கொஞ்சம். இடப்பக்கத்துச் சில்லுக்கும் இடம் வேண்டும், இரண்டு பக்கத்துக்கும் வேண்டும். நாலும் இறங்கியது. பிரேக், கியர், கைப்பிரேக், எச்சரிக்கை விளக்கு. டிக் டிக் டிக் என்று விளக்கு அடித்தது, வேறொன்றும் கேட்கவில்லை. அவள் கண்ணை மூடாமல் இலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "வெளியே என்ன பார்க்கிறீர்கள்?" என்று அந்த அம்மா கேட்டார். "ஒன்றும் இல்லை" என்றாள் தர்மினி. பிறகு, அந்த அம்மாவுக்கு விளங்காவிட்டாலும் பரவாயில்லை என்று, "இங்கே ஒன்றும் இல்லை, மேடம்" என்று இன்னொருதரம் சொன்னாள்.

நிலையத்துக்குத் திரும்பி வந்த வழி அவளுக்கு ஞாபகமில்லை. பச்சை விழுந்ததைப் பார்க்காமல் நின்றதற்கு ஒரு குறை, வளைவில் மெதுவாகப் போனதற்கு ஒரு குறை, மிச்சமெல்லாம் நன்று, பாஸ் என்று அந்த அம்மா சொல்லித் தாளை நீட்டியபோது இரண்டு கையாலும் வாங்கினாள். வாசலில் சிவா கையைத் தூக்கி ஆடினான், "அக்கா, சொன்னன்தானே!" என்று கத்திவிட்டு, அடுத்த ஆள் நடுங்கிக்கொண்டு நிற்கிறதென்று ஓடினான். கிருபா உட்கார்ந்திருந்த வாங்கிலிருந்து மெல்ல எழும்பி வந்தார். முகம் முழுக்கச் சிரிப்பு. காரின் வலப்பக்கச் சீற்றில் ஏறி உட்கார்ந்தார். அவருடைய பார்வையில்லாத இடக்கண் அவள் பக்கம் இருந்தது. அந்தக் கண்ணைப் பார்த்துச் சொல்வது தர்மினிக்குச் சுலபமாக இருந்தது.

"புல்லில நிப்பாட்டினனான்" என்றாள்.

"அதுக்கேனப்பா அழுகிறீர்?"

"அண்டைக்கு மச்சாள் முன்னுக்கு நடந்தது உங்களுக்குத் தெரியுமெல்லோ."

"தெரியும். அக்கா சொன்னவ."

"அவ முதல் என்னைத்தான் பாத்தவ. நான் இறங்கேல்லை. பிள்ளையைச் சாட்டிக்கொண்டு இருந்திட்டன். மாமி கையை நீட்டினவ, நான் பிள்ளையைக் குடுக்கேல்லை."

கிருபா முழுத் தலையையும் திருப்பி, நல்ல கண்ணால் அவளைப் பார்த்தார்.

"அக்கா எனக்கு அப்பிடிச் சொல்லேல்லையே" என்றார். "நீர் பிள்ளையை அம்மாட்டைக் குடுத்திட்டுக் குதிக்க வெளிக்கிட்டனீராம். தான்தான் தோளைப் பிடிச்சு அமத்தி இருத்தினதாம். 'உன்ர பெண்சாதியைப்போலத் துணிஞ்ச ஒருத்தியை நான் காணேல்லையடா, அவளை வடிவா வச்சிரு' எண்டு, நீர் இஞ்ச வர முதலே, முகாமில இருந்து போன் கிடைச்ச முதல் நாளே சொன்னவ. அதுதான் எனக்கு உம்மை விளங்காமல் இருந்தது. அப்பிடிப்பட்ட ஆள் ஏன் உந்தப் புல்லுக்குப் பயப்பிடுறா எண்டு."

தர்மினி ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இருந்தாள். முகாமில் போன் கிடைக்க மூன்று மணித்தியாலம் வரிசையில் நிற்கவேண்டும். பேச விட்டது இரண்டு நிமிடம். அந்த இரண்டு நிமிடத்தில் மச்சாள் தான் நடந்த அறுபத்திநாலு அடியைப் பற்றி எவ்வளவு சொல்லியிருப்பார், இதற்கு எவ்வளவு செலவழித்தார்?

"அது பொய்" என்றாள். "மச்சாள் பொய் சொல்லியிருக்கிறா."

கிருபா யோசித்தார். பட்டியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"இருக்கட்டும்" என்றார். "நான் அதைக் கன பேருக்குச் சொல்லிப்போட்டன். இனி மாத்தேலாது. நீர் காரை எடும்."

அவள் கண்ணைத் துடைத்து, தோளுக்கு மேலால் திரும்பிப் பார்த்து, காரை எடுத்தாள்.